கைமடிக்கிற கைக்கும் களிமண் வேண்டும்

"பானை செய்யச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா? அதெல்லாம் வசதியானவங்க பொழுதுபோக்கு தோழர். மொதல்ல கூலி, அப்புறம் களிமண்."

திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்பாண்ட வகுப்பு நடத்தலாம் என்றதும் வந்த முதல் பதில் இது. 'மனசு லேசாகும்' என்று சொல்லிப் பெருநகரங்களில் காசு வாங்கி நடத்துகிற வகுப்புகளைப் பார்த்தால் இந்தக் கேலி நியாயமாகத்தான் தெரியும். ஆனாலும் நான் மாறுபடுகிறேன். கூலி கேட்கிறவர்களுக்கு மனசு கிடையாதா? அழுகையும் ஆத்திரமும் வசதியானவர்களின் சொத்தா?

மண் நமக்கு ஒன்றும் புனிதமில்லை. சண்டாளர்கள் உடைந்த கலத்தில்தான் உண்ண வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். 1935இல் குஜராத்தின் ஜானு கிராமத்தில், உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த குற்றத்துக்காகத் தீண்டப்படாத பெண்களைச் சாதி இந்துக்கள் தாக்கியதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்கிறார். 1927 மார்ச்சில் மகத் குளத்து நீரை நம் மக்கள் குடித்த பிறகு அந்தக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்ததும் 108 மண்பானைகளைக் கொண்டுதான். கொங்கு நாட்டின் இரட்டைக் குவளைக்கும் கொட்டாங்குச்சிக்கும் இங்கே விளக்கம் தேவையில்லை. நம் பாட்டிமார் மண்சட்டியைத் தள்ளிவிட்டு எவர்சில்வர் வாங்கியதில் வசதி மட்டுமில்லை, மானமும் இருந்தது.

அப்புறம் எதுக்கு மறுபடியும் மண்ணு?

பறைக்கும் இதே கேள்வி வந்தது. இழவுக்கு அடிக்கவைத்து இழிவுபடுத்திய கருவியைத் தொடவே கூடாது என்றவர்கள் நம்மிலேயே உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் அதே பறையைத் தூக்கி மேடையேறினார்கள். ஊர் ஏவி அடிப்பது வேறு. என் ஆத்திரத்துக்கு நானே அடிப்பது வேறு. மண்ணுக்கும் இதுதான்.

நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. 1980களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில், ஆட்களின் பேர் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியவை. அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு அல்ல, புழங்குகிற சட்டி. 'இது என்னுது' என்று மனுசர் மண்ணில் எழுதிவைத்த பேர். அதே நொய்யல் கரையில் இன்றைக்கு நாம் தைக்கிற பனியனின் கழுத்தில் எந்த நாட்டுக் கம்பெனியின் பேரோ இருக்கிறது. தைத்தவள் பேர் எங்கேயும் இல்லை.

காலை எட்டரைக்கு நுழைந்தால் ராத்திரி எட்டரை. ஒன்றரை ஷிப்ட். கைமடிக்கிற பெண்ணுக்கு, பிசிறு வெட்டுகிற பெண்ணுக்கு, 'எத்தனை பீஸ்' என்பது மட்டுமே கணக்கு. பிசகினால் திட்டு. களிமண் கோணிப்போனால் அமுக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். செக்கிங் கிடையாது, பீஸ் ரேட் கிடையாது. கை மண்ணைப் பிசையும்போது வாய் தானாகத் திறக்கும். விடுதியில் அடைபட்டதை, 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் மூணு வருசத்தை விழுங்கியதை, சாதி கேட்டு ஒதுக்கியதைப் பேசும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இதையே முதலாளி நடத்தினால் 'அமைதியா இரு' என்பதற்கான வகுப்பாக்கிவிடுவான். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் ஆலை மேற்பார்வையாளர். பல மாதமாகத் தொல்லை இருந்தது என்றார்கள் குடும்பத்தார். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது மன அமைதியா? தொல்லையைச் சொன்னால் கேட்கிற இடம். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடித்தான் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றுத் தளத்தில் கண்காணித்தார்கள், தொல்லையைப் புகாராக்கினார்கள். வகுப்பு இதற்கு மாற்று ஆகாது. இதற்குத் துணிச்சல் தருகிற இடமாக அது இருக்கலாம்.

ஆகவே நம் வகுப்பு நம் நிபந்தனைகளில் நடக்கட்டும். இடம் கம்பெனியில் வேண்டாம், சங்கத்திலோ சேரியிலோ. கட்டணம் கூடாது. சொல்லித்தருகிறவர் குயவர் வீட்டுப் பெரியவராக இருந்தால் முழுக்கூலி கொடுப்போம். குலத்தொழிலைக் குலத்துக்கு வெளியே கற்பிப்பதும் கற்பதும் சாதிக்கு விழுகிற அடிதான். மண் மிதிக்க ஒரு சாதி, சக்கரத்தில் உட்கார இன்னொரு சாதி என்று பிரிந்தால் அன்றைக்கே இழுத்து மூடிவிடலாம். தண்ணிப் பானை ஒன்று, டம்ளர் ஒன்று. அழுகிறவளை 'அழாதே' என்று யாரும் சொல்லக் கூடாது.

கூலி மொதல்ல, சரி. ஆனால் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மிச்ச நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்கள், தோழர்களே. அந்த நேரத்தில் ஒரு பிடி மண்ணெடுத்து, காய்வதற்குள் அவள் தன் பேரைக் கீறட்டும்.