பாரிஸ் போனால்தான் சமையல் கல்வியா?

பெருநிறுவன வேலையை உதறிவிட்டுப் பாரிஸில் சமையல் படிக்கப் போனவரைப் பற்றி நம் இதழ்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. குளிரூட்டிய அறை, கைநிறையச் சம்பளம், ஒருநாள் திடீர் ஞானோதயம், பிறகு ‘லெ கோர்தோன் ப்ளூ’. சித்தார்த்தன் அரண்மனை நீங்கிய காட்சிக்குச் சற்றும் குறையாமல் அந்தப் பதவி விலகல் வருணிக்கப்படும். படித்துப் படித்துச் சலித்துவிட்டோம். சலிப்பைக் காட்டிலும் சினமே மிகுதியாக இருப்பதால் இதை எழுதுகிறோம்.

வேலையை விடுவது குற்றம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. நாம் குடியிருப்பது பல்லாவரம். பல்கலைக்கழகம் தமிழை விருப்பப் பாடமாக்கியதைத் தொடர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியப் பணியிலிருந்து 1911இல் விலகிய மறைமலையடிகள் வந்து தங்கிய ஊர் இது. (அக்கல்லூரி நம் பக்கம், தாம்பரத்துக்கு, வந்து சேர்ந்தது 1937இல்தான்.) மாதச் சம்பளம் போன பின்னும் அவர் நூல் எழுதினார், இதழ் நடத்தினார். அதைத் துறவு என்றால் பொருந்தும். சேமிப்பிலிருந்து பல இலட்சம் ரூபாய் கட்டணம் செலுத்திச் சில மாதப் படிப்புக்குப் போவது வேறு. அது அவரவர் உரிமை, மனமகிழ்வோடு போய்வரட்டும். அதற்குத் துறவுக் கோலம் பூட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

இவ்வகைக் கதைகளில் பெயர்பெற்ற நூல் ஒன்றை 2007இல் எழுதிய அமெரிக்கர் கேத்லீன் ஃப்ளின்கூட எதையும் துறந்தவர் அல்லர். இலண்டனில் விடுமுறை முடிந்து திரும்பியபோது அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. அவர் அதை ஒளிக்கவுமில்லை.

சொல்லாட்சிப் பிழையோடு போனால் நாம் பேசாமல் இருந்திருப்போம். சமையல் என்பது பிரெஞ்சுச் சான்றிதழ் கிடைக்கும்போதுதான் அறிவாகிறது என்ற எண்ணம் இக்கட்டுரைகளின் அடியில் கிடக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

சர்க்கரைப் பாகை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுச் சமையலில் பாகின் பதங்களுக்குப் பெயர்கள் உண்டு. ‘ஃபிலே’ என்றால் நூல், ‘புலே’ என்றால் உருண்டை. கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் அறிவார்கள். தீபாவளிக்கு ஆர்டர் பிடித்து அதிரசம் சுடும் நம் பெண்களும் வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டித்தான் பார்க்கிறார்கள். கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்றுதான் சொல்கிறார்கள். செயல் ஒன்று, பெயரின் பொருளும் ஒன்று. முன்னது ‘டெக்னிக்’, பின்னது கைப்பக்குவமாம்!

1895இல் ஒரு சமையல் இதழாகப் பிறந்து பள்ளியான அந்த நிறுவனத்தின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அளவையும் முறையையும் எழுதிவைத்து, அடுத்தவர் கற்கும்படி வகுத்தார்கள். ஆனால் எழுதிவைக்கும் எண்ணம் நமக்கும் புதிதன்று. நாடகக் கணிகையர் பயிலும் கலைகளுள் மடைநூலையும் ஒன்றாக வைத்தது மணிமேகலை. வீமன் செய்த நூலின் நெறி வழுவாமல் சமைத்த உணவை நல்லியக்கோடன் பாணர்க்குப் படைத்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டார்.

இன்னொன்று. பிரெஞ்சுச் சமையலின் அடிப்படைகளை, பல்லாவரத்திலிருந்து போய்வரும் தொலைவிலுள்ள தரமணியில், நடுவண் அரசின் உணவக மேலாண்மைக் கல்வி நிறுவனத்திலேயே கற்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் அங்கே சேர்கிறேன் என்றால் உறவுக்கூட்டம் கேட்பது என்ன? “சமையற்காரனாகவா போகப்போகிறாய்?” அதே கூட்டம் பாரிஸ் போன மென்பொருள் பொறியாளரின் பேட்டியைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறது. நம் மாணவர் சிலர் முகூர்த்த நாள்களில் குரோம்பேட்டை, பல்லாவரம் மண்டபங்களுக்குக் கேட்டரிங் ஆள்களோடு பந்தி பரிமாறப் போகிறார்கள். ஆயிரம் பேருக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று மாஸ்டர் மனக்கணக்காகச் சொல்வதை அருகிருந்து கேட்டவர்கள். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். வியந்து கேட்கவேண்டிய செய்தியைக் கூசவேண்டியதாக்கியது யார்?

பெண்களின் நிலை இதனினும் கொடிது. திருமணமோ மகப்பேறோ ஆனபின் வேலையை விட்டு வீட்டில் சமைப்பவளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘உழைக்காதோர்’ பட்டியலில் சேர்க்கிறது. அவளும் வேலையை விட்டவள்தான், அவளும் அடுப்படிக்குத்தான் போனாள். எந்த இதழும் அவளைக் ‘கனவைத் துரத்தியவள்’ என்று எழுதியதாக நமக்கு நினைவில்லை.

பாரிஸையே பேசுவதானால் தர்ஷன் செல்வராஜாவைப் பேசலாமே. இலங்கையிலிருந்து 2006இல் பிரான்சுக்குப் போன தமிழர். வேலை செய்துகொண்டே ரொட்டித் தொழிலைக் கற்றவர். பாரிஸ் நகரின் சிறந்த ‘பகெத்’ ரொட்டிக்கான பரிசை 2023இல் வென்று, அதன் பயனாகக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமை பெற்றார். அந்நகர உணவகங்களின் பின்கட்டில் காய் நறுக்குவோர், பாத்திரம் துலக்குவோருள் ஈழத்தமிழர் பலர். சான்றிதழோடு திரும்புவோரைப் பேட்டி காணும் இதழாளர்கள், அங்கே அவர்களோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசினீர்களா என்றாவது அடுத்த முறை கேட்கட்டும்.