மென்பிரதி இருக்கிறது என்ற பொய்

நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: "எல்லாம் கம்பியூட்டர்ல இருக்கு தம்பி, பத்திரமா இருக்கு." இதை நான் மறுக்கிறேன். அங்கே இருப்பவை கோப்புகள். அவற்றுள் படைப்பு இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்த்ததில்லை.

கொஞ்சம் இலக்கியம் வாசிக்கிற பொறியாளன் என்று தெரிந்தால் போதும், மூத்த எழுத்தாளர்கள் பழைய கணினியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இப்படி ஐந்து கணினிகள் என்னிடம் வந்தன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஐம்பது வெள்ளிக்குள் ஒரு யூஎஸ்பி கேபிள் வாங்கினால், டிஸ்க் உயிரோடு இருக்கும்வரை, கோப்புகளைப் புதுக் கணினிக்கு நகலெடுத்துவிடலாம். கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார். "டிரான்ஸ்ஃபர் முடிஞ்சது அங்கிள்" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 90களிலும் 2000களின் தொடக்கத்திலும் தட்டச்சான தமிழ், பெரும்பாலும் எழுத்துருவை நம்பி வாழ்ந்த தமிழ். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். புதுக் கணினியில் பாமினி இல்லையென்றால் திரையில் அதுதான் தெரியும். ஒரு தோட்டத்து ஆசிரியர் பத்து வருடம் எழுதிய நாவல், பூனை விசைப்பலகைமேல் நடந்ததுபோல் கிடக்கும். வாரிசுகள் பார்த்துவிட்டு "கரப்ட் ஆயிடுச்சு" என்று அழிப்பார்கள். கோப்பில் ஒரு பைட்டுகூடக் கெட்டிருக்காது.

வேர்டு கோப்பையாவது திறக்க முடியும். அச்சுக்குப் போன நூல்கள் பல பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை அதே நிறுவனத்தின் இன்டிசைன்கூட சிஎஸ்6 வரைதான் திறந்தது.

"கன்வர்ட்டர் இருக்கே, ஒரு பொத்தான் அழுத்தினா போதுமே" என்பார்கள். அழுத்திப் பாருங்கள். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம்தான். மாற்றி குழம்பிப்போய் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிடும். இணையத்தில் இந்தச் சொல்லை நீங்களே பார்த்திருப்பீர்கள். பின்னர் ஒருவர் 'வெளியீடு' என்று தேடினால் அந்தக் கட்டுரை அகப்படாது. ஆக, மாற்றிய பிறகு மனிதக் கண் ஒருமுறை வரிவரியாகப் படித்தாக வேண்டும். படிக்கத் தகுந்தவர் யார்? எழுதியவர்தான். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது.

என் கோபம் இங்கேதான். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடோடு வந்தது. முரசு அஞ்சல் பிறந்ததே நம் நாட்டில்தான். அதை மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒரு டத்தோ இருக்கிறார். மூலக்கோப்பைப் பெற்றுக்கொள்ள யாருமில்லை. மாலைக்கும் பொன்னாடைக்கும் பட்ஜெட் உண்டு; பழைய கோப்புகளை மாற்றிப் பிழை திருத்த ஒரு மாணவருக்குக் கொடுக்க இருநூறு வெள்ளி இல்லை.

"புத்தகம்தான் இருக்கிறதே, ஸ்கேன் செய்துகொள்ளலாம்" என்பது அடுத்த சமாதானம். சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையிலான தமிழ் நூல்களை மின்னாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். நல்ல முயற்சி. மலேசியாவிலும் பதிப்பித்த நூலைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் 1986 முதல் இருக்கிறது. இரண்டும் வெளியான நூலுக்குத்தான் பொருந்தும். காசில்லாமல் நின்றுபோன இரண்டாம் தொகுப்பு, பத்திரிகை வெட்டிப் போட்ட கதையின் முழு வடிவம், எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் — இவற்றுக்கு ஸ்கேன் செய்யத் தாளே கிடையாது. ஒரு தலைமுறையின் இலக்கிய வரலாற்றை நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால் தேவைப்படுவது இவைதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கணினி மாற்றும்போது கோப்போடு எழுத்துருக் கோப்பையும் எடுங்கள். மூலத்தை அழிக்காமல் வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய வடிவத்தைத் தனியே, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவும் சேமியுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் குப்பையாக வரும். பிறகு இரண்டு பிரதிகளை அந்த வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

சங்கங்கள் செய்யும் என்று காத்திருந்தால் நடக்காது. இந்த இதழை வாசிக்கும் உங்களுக்கு வயது இருபது, முப்பது. இந்த வேலை உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் தமிழாசிரியரோ பக்கத்துத் தாமானில் இருக்கும் எழுத்தாளரோ, ஒருவர் வீட்டுக்குப் போய், "ஐயா, பழைய கம்பியூட்டர் இன்னும் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தரும் நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.