தாய்லாந்தில் கல்யாணம் ஒருமுறை... தங்கும் அனுமதி ஆண்டுக்கொரு முறை!

பாங்காக்கின் வடக்குப் பகுதியில், செங் வத்தனா என்ற இடத்தில் பெரிய அரசு அலுவலக வளாகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள குடியேற்றத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களில் ஒரு தரப்பினரைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். ஜோடியாக வந்திருப்பார்கள். கையில் தடிமனான ஃபைல். அதற்குள் திருமணச் சான்றிதழ், வங்கி பாஸ்புக், வீட்டுக்கு வழி காட்டும் மேப். கூடவே, கதவு எண் தெரிய இருவரும் வாசலில் நிற்கும் போட்டோ, ஹாலில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் போட்டோ.

‘புதுசா கல்யாணம் ஆனவங்களா?’ என்று கேட்டால், ‘இல்லைங்க, பன்னிரண்டு வருஷம் ஆச்சு’ என்று பதில் வரலாம்.

ஆம், தாய்லாந்துக் குடிமகளையோ குடிமகனையோ மணந்த வெளிநாட்டவருக்கு, அந்தத் திருமணம் மட்டுமே அங்கு வாழும் உரிமையைத் தந்துவிடாது. விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் தருகிறது. அந்த விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டும். இதில் எது நியாயம், எது வீண் அலைச்சல்?

முதலில் பதிவு... அங்கேயே தொடங்கும் சிக்கல்

கோயிலிலோ கடற்கரை ரிசார்ட்டிலோ எவ்வளவு விமரிசையாகக் கல்யாணம் நடந்தாலும், ‘ஆம்போ’ எனப்படும் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது சட்டப்படி திருமணம். அதற்கு, ‘இவருக்குத் திருமணத் தடை எதுவும் இல்லை’ என்று வெளிநாட்டவரின் தூதரகம் சான்று தர வேண்டும். அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். பிறகுதான் பதிவு.

பதிவு முடிந்ததும் இரண்டு ஆவணங்கள் கிடைக்கும். ‘கோர் ரோர் 3’ என்பது சான்றிதழ். ‘கோர் ரோர் 2’ என்பது பதிவேட்டின் நகல். வெளிநாட்டில் கல்யாணம் முடித்துவிட்டு வந்தவர்கள், அந்தச் சான்றிதழை மொழிபெயர்த்துப் பதிவு செய்து ‘கோர் ரோர் 22’ வாங்க வேண்டும். இந்தத் தாள்களில் ஆண்டு பௌத்த கணக்கில் இருக்கும். 2568 என்று பார்த்துப் பதற வேண்டாம். 543-ஐக் கழித்தால் 2025.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தலைவலி உண்டு. தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். சிலர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். ‘இளங்கோ’ என்ற பெயரை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு மாதிரியும், இன்னொருவர் வேறு மாதிரியும் தாய்லாந்து எழுத்தில் எழுதிவிட்டால் போச்சு. சான்றிதழில் இருப்பவரும் வீட்டுப் பதிவேட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். எனவே முதல் ஆவணத்தில் எந்த எழுத்தில் பெயர் விழுகிறதோ, அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வது நல்லது.

விசா வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு

பலர் குழம்புவது இங்கேதான். விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கு. உள்ளே வந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு கணக்கு. துணையோடு வாழ வருபவர்களுக்கு ‘நான்-இமிகிரன்ட் ஓ’ விசா. அதில் வந்தால் 90 நாள் தங்கலாம். அந்த நாள்கள் முடிவதற்குள், திருமணத்தைக் காரணம் காட்டி ஓராண்டு நீட்டிப்பு கேட்க வேண்டும். இதைத்தான் ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறார்கள். கட்டணம் 1,900 பாட்.

கொடுத்த அன்றே ஓராண்டு கிடைத்துவிடாது. பொதுவாக முதலில் 30 நாளுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முத்திரை விழும். குறித்த தேதியில் திரும்ப வந்தால்தான் மீதிக் காலத்துக்கு அனுமதி. இடையில் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கலாம். ஓர் அலுவலகம் சாட்சியைக் கூட்டி வரச் சொல்லும். இன்னொன்று கேட்காது. ‘போன வருஷம் இதைக் கேட்கலையே!’ என்று சொல்லிப் பயனில்லை.

நான்கு லட்சம் பாட்... இரண்டு மாதம் தொடக்கூடாது

நீட்டிப்பின் மையமே பணம்தான். தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவர், மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இல்லையென்றால் தாய்லாந்து வங்கியில் தன் பெயரில் 4 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். நம் பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய இரண்டு மாதங்களும் அந்தத் தொகை குறையாமல் இருக்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள், மனைவியின் மருத்துவச் செலவுக்காக 5,000 பாட் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே திருப்பிப் போட்டாலும் பாஸ்புக்கில் அந்த வரி நிற்கும். கல்யாணம் உண்மை, குடும்பம் உண்மை. ஆனாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

இதைப் பயன்படுத்தித்தான் ‘பேங்க் பேலன்ஸ் வேண்டாம், எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். படிவம் நிரப்ப ஏஜென்ட்டின் உதவி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் தகுதியையே பொய்யாக உருவாக்கித் தருகிறேன் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், மாட்டிக்கொள்ளப்போவது அவர் இல்லை, நீங்கள்தான்.

ஒரே பாஸ்போர்ட்டில் மூன்று கணக்கு

ஓராண்டு முத்திரை விழுந்துவிட்டது. ‘இனி நிம்மதிதானே?’ அதான் இல்லை. மேலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, டி.எம்.30. 1979-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி, வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தகவல் தர வேண்டும். வீடு மனைவி பெயரில் இருந்தால், சொந்தக் கணவர் வந்து தங்கியிருப்பதை மனைவிதான் அரசுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு, 90 நாள் ரிப்போர்ட். தொடர்ந்து நாட்டில் இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை ‘இதே முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் செய்யலாம். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிலிருந்து, தேதி கடந்து 7 நாள்வரை அவகாசம் உண்டு. மறந்தால் 2,000 பாட் அபராதம். வெளிநாடு போய்வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஓராண்டு நீட்டிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அது ரீ-என்ட்ரி பெர்மிட். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். இது இல்லாமல் விமானம் ஏறினால் ஓராண்டு அனுமதி அந்த நிமிடமே காலாவதி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவோடு இரவாகச் சென்னைக்குக் கிளம்புகிறவருக்கு இதெல்லாம் நினைவிருக்குமா? அதனால்தான் அனுபவசாலிகள், நீட்டிப்பு கிடைத்த அன்றே பலமுறை பெர்மிட்டையும் வாங்கிவிடுங்கள் என்கிறார்கள்.

தேதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். 90 நாளுக்கு மேல் போனால், தானாக முன்வந்து சரணடைந்தாலும் ஓராண்டு நாட்டுக்குள் வரத் தடை. போலீஸிடம் பிடிபட்டால் தடை ஐந்தாண்டில் தொடங்கும். ‘எனக்கு இங்கே மனைவி, குழந்தை இருக்காங்க’ என்பது இதற்கு விலக்கு ஆகாது.

கணவனுக்கு ஒரு சட்டம், மனைவிக்கு ஒரு சட்டமா?

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், அரசு சொல்லும் காரணம் போலித் திருமணம். விசாவுக்காகக் காசு கொடுத்துக் கல்யாணம் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். எந்த நாடும் அதைத் தடுக்கத்தான் பார்க்கும். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குடியேற்றத் துறையின் 2014-ம் ஆண்டு உத்தரவு, அந்த 4 லட்சம் பாட் நிபந்தனையைத் தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவருக்குத்தான் விதிக்கிறது. தாய்லாந்து ஆணை மணந்த வெளிநாட்டு மனைவிக்கு அது பொருந்தாது. போலித் திருமணத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இரு தரப்புக்கும் ஒரே விதி அல்லவா இருக்க வேண்டும்? இதன் அடியில் இருப்பது ‘குடும்பத்துக்குச் சம்பாதிப்பவன் ஆண்’ என்ற பழைய கணக்கு. தாய்லாந்து மனைவி கைநிறையச் சம்பாதித்து, கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். தென்கிழக்கு ஆசியாவில் இதைச் செய்த முதல் நாடு அது. திருமணச் சட்டத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ‘இரு நபர்கள்’ என்று எழுதிய நாடு, குடியேற்ற விதியில் மட்டும் ‘கணவன்’ என்ற சொல்லின் மேல் பணச் சுமையை ஏற்றுவது பொருத்தமாக இல்லை.

துணை இல்லாமல் போனால்?

விவாகரத்து ஆனாலோ, துணை இறந்துபோனாலோ திருமண அடிப்படையில் அடுத்த நீட்டிப்பு கிடையாது. கூடவே வசிக்கும் 20 வயதுக்கு உட்பட்ட தாய்லாந்துக் குழந்தை இருந்தால் அந்த அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். 50 வயது ஆகியிருந்தால் ஓய்வுக்கால அனுமதி கேட்கலாம். ஆனால் அதற்கு வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும்.

45 வயதில், குழந்தை இல்லாமல், மனைவியை இழந்தவர்? வேலை, படிப்பு என்று வேறு அடிப்படை தேட வேண்டும். வீட்டின் நிலையும் அப்படித்தான். நிலத்தை வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது என்பதால், மனைவி பெயரில் வாங்கும்போதே ‘இது மனைவியின் தனிச் சொத்து’ என்று கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். இருபது வருடம் வாழ்ந்த ஊரில், துக்கம் ஆறும் முன்பே ‘நான் எந்த விசாவில் இருக்கப்போகிறேன்?’ என்று யோசிக்க வேண்டிய நிலை.

நிரந்தர வசிப்புரிமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாட்டவருக்கு 100 பேர் என்ற உச்சவரம்போடு. கிடைத்தால் கட்டணம் 1,91,400 பாட். தாய்லாந்துக் குடிமக்களின் துணைக்குச் சலுகையாக 95,700 பாட். சாமானியக் குடும்பத்துக்கு இது எளிதான வாசல் இல்லை.

இந்தியாவில் எப்படி? இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி இரண்டாண்டு தொடர்ந்து நீடித்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வாழ்நாள் விசா. விவாகரத்து ஆனால் ரத்தாகும் என்ற குறை அதிலும் உண்டு. ஆனால் வருடா வருடம் வாசலில் நின்று போட்டோ எடுக்க வேண்டியதில்லை.

என்ன மாற வேண்டும்?

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் கடுமையாகச் சோதிக்கட்டும். வீட்டுக்கு வரட்டும், விசாரிக்கட்டும். அதில் தேறிய குடும்பத்துக்கு ஐந்தாண்டு அனுமதி தருவதில் என்ன தடை? பன்னிரண்டாவது ஆண்டிலும் அதே ஹால் போட்டோவைக் கேட்பதால் எந்தப் போலித் திருமணமும் பிடிபடப்போவதில்லை. பண நிபந்தனையை, குடும்பத்தின் மொத்த வருமானம் என்று மாற்றலாம். துணையை இழந்தவருக்கு இரண்டாண்டாவது அவகாசம் தரலாம்.

அதுவரை விதி இதுதான். போகத் திட்டமிட்டிருப்பவர்களும், அங்கேயே இருப்பவர்களும் நான்கு விஷயங்களைச் செய்துவிடுங்கள். நீட்டிப்பு தேதியையும், 90 நாள் தேதியையும் இருவர் போனிலும் தனித்தனி ரிமைண்டராகப் போடுங்கள். 4 லட்சத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதன் ஏடிஎம் கார்டைப் பூட்டி வையுங்கள். எல்லா ஆவணத்துக்கும் இரண்டு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் உங்கள் பகுதி அலுவலகத்தில் இந்த ஆண்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவதாக ஒன்று. யாரும் பேசத் தயங்குவது. ‘எனக்கு ஏதாவது ஆனா நீ இங்கே எப்படி இருப்ப?’ என்ற கேள்வியை, இருவரும் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, உயிலும் எழுதி வைத்துவிடுங்கள்.