சட்டத்தின் கோலும் சபையின் சொல்லும்

புதுதில்லி: வடகிழக்கு மாநிலங்களைப் பற்றித் தலைநகரில் நடைபெறும் விவாதங்களில் நாகாலாந்தின் பாப்டிஸ்ட் திருச்சபை இரண்டே கோலங்களில்தான் தென்படுகிறது. பிரிவினைக்குத் துணைநின்ற அமைப்பு என்று ஐயத்துடன் பார்ப்பவர்கள் ஒருபுறம். தேர்தல் வரும்போது வசப்படுத்த வேண்டிய வாக்கு வங்கி என்று கணக்கிடுபவர்கள் மறுபுறம். மலைக் கிராமங்களில் அந்தச் சபை உண்மையில் எப்படி இயங்குகிறது, அதன் வலிமை எங்கிருந்து பிறக்கிறது, எந்த இடத்தில் அது தோற்றுப்போகிறது என்பதை ஆராய முற்படுவோர் குறைவு. அப்படி ஆராய்ந்தால், நாகாலாந்துக்கு மட்டுமன்றி, ஒழுக்கத்தைச் சட்டத்தால் நிலைநாட்டிவிடலாம் என்று நம்பும் எல்லோருக்குமே ஒரு பாடம் கிடைக்கும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்து மக்களில் ஏறத்தாழ 88 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். கோஹிமாவில் தலைமையகம் கொண்ட நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபை மன்றத்தில், பழங்குடிவாரியாக அமைந்த சங்கங்கள் வழியாக 1,500-க்கும் மேற்பட்ட சபைகள் இணைந்துள்ளன. ஆனால், கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருக்கு இருப்பதைப் போன்ற அதிகாரம் இந்த மன்றத்துக்குக் கிடையாது. பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னாட்சி உடையது. போதகரைத் தேர்ந்தெடுப்பதும், வரவு செலவை ஏற்பதும், தவறிய உறுப்பினரைக் கண்டிப்பதும் அந்தந்தச் சபையே. மன்றம் அறிவுரை கூறலாம், ஆணையிட முடியாது.

இந்தத் தன்னாட்சியே கிராமத்தின் பொது வாழ்வைச் சபையோடு பிணைத்து வைத்திருக்கிறது. ஞாயிறு வழிபாடு என்பது வாரத்தில் ஒரு வேளை நடந்து முடியும் சடங்கன்று. குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி, இளைஞர் பிரிவு, பெண்கள் பிரிவு, நோயாளிகளைச் சந்திக்கும் குழு, இறந்தவர் வீட்டில் உடனிருந்து அடக்கப் பணிகளைக் கவனிக்கும் ஏற்பாடு என வாரம் முழுவதும் அது நீள்கிறது. உறுப்பினர்கள் தங்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் செலுத்துகின்றனர். மற்றொரு வடகிழக்கு மாநிலமான மிஸோரமில், பாப்டிஸ்ட் சபையினர் உட்பட, ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குத் தரும் பழக்கம் ஒரு நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. ஏழை வீட்டுப் பெண்ணும் கொடுப்பவராகிறார் என்பதே அந்தப் பிடி அரிசியின் சிறப்பு. இத்தகைய காணிக்கைகளால்தான் அருணாசலப் பிரதேசம், அசாம், நேபாளம் ஆகிய இடங்களுக்கு நாகா ஊழியர்கள் அனுப்பப்படுகின்றனர். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஊழியர்களைப் பெற்ற மலைகள், இன்று ஊழியர்களை அனுப்பும் மலைகளாகிவிட்டன.

இதன் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. அசாமின் சிவசாகரில் பணிபுரிந்த அமெரிக்க பாப்டிஸ்ட் எட்வர்ட் வின்டர் கிளார்க், 1872-இல் ஆவோ நாகாக்களின் ஊருக்குச் சென்றார். அவருக்கு முன்பே அங்கு சென்று வழி திறந்தவர் கோதுலா என்ற அசாமியர். புதிய சமயத்தை ஏற்றவர்களுக்கும் ஊராருக்கும் பிணக்கு முற்றியபோது, ஏற்றவர்கள் ஊரைக் கைப்பற்ற முயலவில்லை. 1876-இல் அவர்கள் வெளியேறி மோலுங்கிம்சென் என்ற புதிய குடியிருப்பை அமைத்துக்கொண்டனர். அரிசி மதுவை விலக்குவது சபை உறுப்பினருக்கான நிபந்தனையாக இருந்தது. மீறியவர்கள் சபையிலிருந்து நீக்கப்பட்டனர். மதுவோடு சேர்த்து, இளைஞர் கூடங்களையும் விழாக்களையும் பாட்டையும் ஒதுக்கி நாகா பண்பாட்டைச் சிதைத்துவிட்டனர் என்று, பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரியாக இருந்த ஜே.பி. மில்ஸ் போன்றோர் அப்போதே குறைகூறினர். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. மதுவை விட்டவர் தாமாக விட்டார். விட விரும்பாதவர் சபைக்கு வெளியே இருந்தார். எவரையும் சிறைக்கு அனுப்பும் கோல் அன்று சபையின் கையில் இல்லை.

அந்தக் கோல் இல்லாத நிலையில்தான் சபை தனது மிகப் பெரிய பணிகளைச் செய்திருக்கிறது. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி நாகாலாந்து தனி மாநிலமான பிறகும் துப்பாக்கிகள் ஓயவில்லை. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோக்காவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாடு, அமைதித் தூதுக் குழு ஒன்றை அமைக்கும் யோசனையை முன்வைத்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் பி.பி. சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அரசும் நம்பாத, போராளிகளும் முழுமையாக ஏற்காத ஒரு நடுநிலையை அன்று சபை ஏற்றது. அந்த முயற்சி நிலையான தீர்வைத் தரவில்லை என்பது உண்மையே. ஆனால் வழிபாட்டுக்கும் வயலுக்கும் அச்சமின்றிச் செல்லும் நாள்களை அது மக்களுக்குத் தந்தது.

2008-இல் மீண்டும் அதே பணி. மத்திய அரசுடனான போர்நிறுத்தம் 1997-இல் தொடங்கிய பிறகும் நாகா குழுக்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தன. பாப்டிஸ்ட் இறையியலாளர் வாட்டி அய்யர் ஒருங்கிணைப்பாளராக இருந்த நாகா நல்லிணக்க மன்றம், பகைத்து நின்ற தலைவர்களை ஒரே அறையில் அமரவைத்தது. 2009-இல் அவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். குழுக்களுக்கிடையிலான கொலைகள் வெகுவாகக் குறைந்தன. மன்றத்தின் பின்னால் காவல் படையோ நீதிமன்றமோ இல்லை. கொலையுண்டவரின் வீட்டிலும் கொன்றவரின் வீட்டிலும் ஒருசேர அனுமதிக்கப்படும் உரிமை மட்டுமே அதனிடம் இருந்தது. பல ஆண்டுகள் பிணத்தருகே உடனிருந்தவர்களுக்கே அந்த உரிமை வாய்க்கும்.

இப்படிப்பட்ட சபைதான் 1989-இல் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு கொதித்த பாப்டிஸ்ட் மன்றமும் நாகா அன்னையர் சங்கமும் நடத்திய போராட்டத்தின் விளைவாக, நாகாலாந்து முழு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கத்தில் குறை காண இயலாது. கணவனின் குடியால் அடிபட்ட பெண்ணின் கண்ணீர் அந்தக் கோரிக்கையில் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் என்ன சொல்கிறது? மதுவிலக்கு இல்லாத அசாமின் எல்லையில் அமைந்த திமாபூரில் மது கிடைக்காத நாளில்லை என்பதை ஆட்சியாளரும் அறிவர்; போதகர்களும் அறிவர். கள்ளச் சந்தையில் விலையும் கலப்படமும் ஏறின. கண்டும் காணாமல் இருப்பதற்குக் கைமாறும் பணம் தனி வருவாயானது.

2024-இல் சட்டப்பேரவையிலேயே இந்தச் சட்டத்தை மறுஆய்வு செய்வது பற்றிப் பேசப்பட்டபோது, சபை வழக்கம்போல் எதிர்ப்புத் தெரிவித்தது. சட்டம் செயல்படவில்லை என்றால் அதைச் செயல்படுத்துவதே அரசின் கடமை என்பது சபையின் வாதம். தர்க்கத்தில் அது சரியே. ஆனால் அந்த வாதத்தில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. மது பெருகினால் அது அரசின் தோல்வி. சபையின் தோல்வி அல்ல. மக்களில் பெரும்பான்மையோர் சபை உறுப்பினர்களாக உள்ள மாநிலத்தில் மது விற்பவர் யார், வாங்குபவர் யார், பிடிக்காமல் விடும் காவலர் யார் என்ற கேள்விக்கு விடை ஆலயத்தின் இருக்கைகளிலேயே இருக்கிறது. சட்டப் புத்தகம் அந்தக் கேள்வியை மறைக்கும் திரையாகிவிட்டது.

தேர்தலிலும் இதே முரண்பாடு. 2013 சட்டப்பேரவைத் தேர்தலை ஒட்டி பாப்டிஸ்ட் மன்றம் தூய தேர்தல் இயக்கத்தைத் தொடங்கியது. வாக்கை விற்காதீர், பிறர் வாக்கைப் போடாதீர், ஊர் மன்றம் முன்கூட்டியே வேட்பாளரை அறிவித்து ஊராரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று ஊர் ஊராக உரைத்தது. அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒருவரே பலர் வாக்கைப் பதிவுசெய்யும் வழக்கம் இருக்கும்வரை அந்த எண்ணிக்கையை ஜனநாயக ஆர்வத்தின் அளவுகோலாக மட்டும் கொள்வதற்கில்லை. 2018 தேர்தலின்போது, பணத்துக்காகச் சமய நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று மன்றம் திறந்த மடல் எழுதியது. அது குறிவைத்த பாரதிய ஜனதா கட்சி, போட்டியிட்ட 20 இடங்களில் 12-இல் வென்றது. திருச்சபை சொன்னபடி வாக்களிக்கும் கூட்டம் என்று நாகாக்களைக் கருதுவோருக்கும், எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுவதே தன் கடமை எனச் சபையில் கருதுவோருக்கும் அந்த முடிவு ஒரே விடையைத்தான் தந்தது.

மிஸோரமின் அனுபவம் இதற்கு மாறானது. அங்கு திருச்சபைகளின் முயற்சியால் 2006-இல் உருவான மிஸோரம் மக்கள் மன்றம், கட்சிகளோடு பேசித் தேர்தல் நடத்தை பற்றி உடன்பாடு செய்துகொள்கிறது. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைக்கிறது. பதாகைகளுக்கும் விருந்துகளுக்கும் வரம்பு விதிக்கிறது. எந்தக் கட்சிக்கு வாக்கு என்று அது சொல்வதில்லை. எப்படி வாக்குக் கேட்க வேண்டும் என்பதையே சொல்கிறது. அதை மீறுகிறவர் சட்டத்துக்கு அல்ல, ஊருக்கு விடை சொல்ல வேண்டும். குறைகள் இல்லாத ஏற்பாடு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நாட்டிலேயே ஆரவாரம் குறைந்த தேர்தல்கள் அங்கு நடைபெறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே மிஸோரமில் மதுவிலக்குச் சட்டமோ 1997-இல் நடைமுறைக்கு வந்து, 2014-இல் புதிய சட்டத்தால் தளர்த்தப்பட்டு, 2019-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஊரார் உடன்பட்டு ஏற்ற நெறி நிலைக்கிறது. கோட்டையில் இயற்றிய சட்டம் ஆட்சி மாறும்போதெல்லாம் தடுமாறுகிறது.

பாப்டிஸ்ட் மரபு இதை முதலிலேயே உணர்ந்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதனின் மனச்சான்றின்மேல் மன்னனுக்கு அதிகாரமில்லை என்று எழுதியதற்காக லண்டன் சிறையில் வாடியவர் தாமஸ் ஹெல்விஸ் என்ற பாப்டிஸ்ட் முன்னோடி. விவரம் அறிந்த வயதில் தாமே விரும்பி ஏற்பவருக்கு மட்டுமே திருமுழுக்கு என்ற அவர்களின் கொள்கைக்கும் அடிப்படை இதுவே. அருணாசலப் பிரதேசத்தில் 1978-ஆம் ஆண்டின் மதச் சுதந்திரச் சட்டத்துக்கு விதிகள் வகுக்க வேண்டுமென 2024-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் பணித்ததைத் தொடர்ந்து, அங்குள்ள கிறிஸ்தவர்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மனச்சான்றின் வாசலில் அரசு காவலுக்கு நிற்கக் கூடாது என்பது அவர்களின் நியாயமான கோரிக்கை. அருணாசலில் அரசு விலகி நிற்க வேண்டும் என்று கூறும் மரபு, நாகாலாந்தில் தன் உறுப்பினரின் நடத்தைக்கு அரசைக் காவல் நிறுத்துவது எப்படிப் பொருந்தும்?

சமய நம்பிக்கையும் சாராயமும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மது பிறரைத் துன்புறுத்துகிறது. எனவே அதைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு. அடிக்கும் கணவனைத் தண்டிக்கவும், நஞ்சு கலந்து விற்பவனைச் சிறையில் தள்ளவும், விற்பனைக்கு வரையறை விதிக்கவும் அரசு கடமைப்பட்டுள்ளது. ஆனால் முழு விலக்கு என்பது, குடியை விட்டுவிட ஒருவரை இணங்கவைக்கும் பணி. அதை அரசால் செய்ய இயலாது. வீட்டு வாசலைத் தட்டி உள்ளே செல்லும் உரிமை பெற்ற சபையால் இயலும். அந்தப் பணியைச் சட்டத்திடம் ஒப்படைத்ததால், சபைக்கு அந்த வாசலைத் தட்டும் தேவையே குறைந்துவிட்டது.

எனவே, நாகாலாந்து சபை மறுஆய்வுக்கு இடங்கொடுப்பது மதுவுக்குச் சரணடைவதாகாது. அடிமைப்பட்டோருக்குச் சிகிச்சை இல்லங்களை நடத்துவதும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தருவதும், கள்ள வணிகத்தில் ஈடுபடும் உறுப்பினரின் காணிக்கையை ஏற்க மறுப்பதும் சபையின் கையில்தான் உள்ளன. 2017-இல் ஜுனெபோட்டோவில் 8,500 பேர் அமரக்கூடிய ஆலயத்தைக் கட்டி முடித்த சமுதாயத்துக்குப் பொருளும் மன உறுதியும் குறைவென்று எவரும் கூற மாட்டார்கள். நேபாளத்துக்கு ஊழியரை அனுப்பும் சபை, வாக்கை விற்ற தன் ஊர் உறுப்பினரிடமும் ஓர் ஊழியரை அனுப்பத்தான் வேண்டும்.

தில்லிக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2015 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கையெழுத்தான கட்டமைப்பு ஒப்பந்தம் இன்னும் இறுதித் தீர்வாகக் கனியவில்லை. என்றைக்கு அது கனிந்தாலும், அதைக் கிராமத்துக்குக் கொண்டுசென்று விளக்கவும், இழந்தவர்களின் கோபத்தை ஆற்றவும் நம்பத்தகுந்த அமைப்பு ஒன்று தேவைப்படும். பாப்டிஸ்ட் சபையை ஐயப்பட வேண்டிய அமைப்பாகவோ, வாக்கு வங்கியாகவோ நடத்தினால் அந்தத் துணை கிடைக்காது. சபையும், அரசின் கோலை இரவல் கேட்கும்வரை, அரசிடம் நிமிர்ந்து பேசும் தகுதியைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டுதான் இருக்கும். 1964-இல் இரு தரப்பையும் போர்நிறுத்தத்துக்கு இணங்கவைத்தபோது சபையின் கையில் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. இனி வரும் அமைதிக்கும் அந்தச் சொல்தான் வேண்டும்.