வரைபடத்தில் பிறக்கும் கழிவு

"வீட்டைக் கட்டிப் பார்" என்றனர் நம் முன்னோர். கட்டி முடித்தபின் வாசலில் குவியும் உடைந்த செங்கல்லையும் காய்ந்த சாந்தையும் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்று இத்தலைநகரில் அக்குவியல் இல்லாத தெருவைக் காண்பது அரிது!

கட்டடக் கழிவை நொறுக்கிச் சல்லியாக்கும் ஆலை, தில்லியின் புராடியில் 2009-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 டன்னோ, மாதத்திற்கு 300 டன்னோ கழிவு உண்டாக்கும் பெரும் பணிகள் அதனை வகை பிரித்து வைக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டு மத்திய விதிகள் பணித்தன. நல்ல முயற்சிகளே. ஆயினும், சூளையில் வெந்த செங்கல்லை உடைத்துச் சல்லியாக்குவது சிறந்ததா, உடையாமற் காப்பது சிறந்ததா? கழிவு பிறக்குமிடம் மனை அன்று, வரைபடமே என்பது என் துணிபு.

கணக்கைப் பாருங்கள். தர அளவுச் செங்கல்லின் நீளம் 19 செ.மீ.; சாந்துடன் 20. சுவரின் நீளத்தை இருபதின் மடங்காக அமைத்தால் கொத்தனார் கல்லை வெட்டும் வேலை பெரிதும் குறையும். தரைக்கல் 60 செ.மீ. சதுரமாயின், 3 மீட்டர் அறைக்கு வரிசைக்கு ஐந்து கல் போதும். அறையை 3.10 மீட்டராக வரைந்துவிட்டால், 10 செ.மீ. பட்டைக்காக இன்னொரு கல்லை அறுக்க நேரும். கேரளத்தில் லாரி பேக்கர், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார்; ஏறத்தாழக் காற்பங்கு கல் மிச்சமாயிற்று. இவை யாவும் சிந்தனையால் விளைந்த சிக்கனம் அன்றோ?

எங்கள் துறையின் புதிய ஆய்வுக்கூடத்தில், பூச்சு காய்ந்த சுவர்களை உளியால் பிளந்து எரிவாயுக் குழாய் பதித்தார்கள். எந்த மேசைக்கு எரிவாயு வேண்டும் என அங்கு உழைப்போரை முன்பே கேட்டிருந்தால் அச்சுவர்கள் தப்பியிருக்கும். கேட்பாரில்லை!

ஆகவே, தோழர்களே, இனி இவ்வளாகத்தில் விடுதியோ நூலகமோ எது எழுந்தாலும், வரைபடம் முடிவாகுமுன் அது பயன்படுத்துவோர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இதனை நம் மன்றம் வலியுறுத்துதல் வேண்டும். காலம் தாழும் என்பர் சிலர். கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டும் காலத்தை அவர்கள் எக்கணக்கில் எழுதுகின்றனர்? பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் போதும். சுவரை அழிக்கச் சம்மட்டி வேண்டும். சுமந்து செல்ல லாரியும் வேண்டும்.