சத்தமா, சங்கீதமா?

இந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பெருநகர் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிற ஊர். என் அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. அன்றைக்குச் சுற்றுப்பட்ட ஊர்களின் சுவாமிகளெல்லாம் செய்யாற்றுக்கு எழுந்தருளுவார்கள். மணலில் வரிசையாகச் சுவாமிகள். ஊருக்கு ஒரு மேளம். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது ஆரம்பமாகிவிடும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். அக்கா கண்ணை மூடிக் கை கூப்பி நின்றாள். அந்தச் சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை.

தலைவலி அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, மாடி அறையில் பாட்டுக் கேட்டதும்.

"கேட்டாயாடி இந்த அநியாயத்தை? பாத்திரக் கடையில் காளை மாடு புகுந்தாற்போல! நடுவில் ஒருத்தன் உறுமுகிறான் வேறே. நீதான் பத்திரிகையில் எழுதுகிறாயே, அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லு."

மாடிக்குப் போனேன். பிள்ளையாண்டான் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். நாலு பேராகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். 'ஹெவி மெட்டல்' என்று அந்தச் சங்கீதத்துக்குப் பெயர். முகம் வாடியிருந்தது.

"குழு கலைஞ்சு போச்சு சித்தி. டிரம் வாசிக்கிறவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைச்சுடுச்சு. பாடுறவனை வீட்டில் விட மாட்டேங்கறாங்க. மிச்சம் நானும் இன்னொருத்தனும்தான். பேசாம பேஸ் கிதாரை வித்துடலாம்னு இருக்கேன்."

சொல்ல வந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்து போய்விட்டது. "அது யார் பாடுவது?" என்று மட்டும் கேட்டேன்.

"சிங்கப்பூர்த் தமிழர் சித்தி. ருத்ரான்னு குழு."

காதில் மாட்டிக் கொடுத்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டபோது, அந்த உறுமலுக்கு நடுவில் சமஸ்கிருத சுலோகம் வருவது காதில் விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது! சென்னைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக, யார் இவர்கள் என்று தேடிப் படித்தேன்.

சகோதரிகளே, இந்த ஹெவி மெட்டல் பிறந்த கதையிலேயே ஒரு அம்மா வருகிறாள். 1965-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். கிதார் வாசிப்பதற்காக வேலையை விட்டாயிற்று. அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், "இனிமேல் போக வேண்டாமே" என்றான். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தாள். அன்று பிற்பகல் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவனோ இடது கைப் பழக்கக்காரன். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். மெல்லிய தந்தி போட்டான். பிற்பாடு தந்திகளை இன்னும் தளர்த்தினான். சுருதி இறங்கிற்று, ஓசை கனத்தது. அந்தக் கனந்தான் 'பிளாக் சாபத்' குழுவின் இசைத்தட்டுகளில் வெளிவந்து உலகத்தைக் கலக்கியது. அந்த அம்மா பிற்பாடு எத்தனை தடவை அந்த மத்தியானத்தை நினைத்திருப்பாளோ!

பிளாக் சாபத்திலும் ஆட்கள் மாறினார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்னை 1979-ல் வெளியே அனுப்பினார்கள். அப்புறம் யார் யாரோ வந்து பாடினார்கள். கடைசி வரை விலகாதவர் அயோமி ஒருவர்தான். ஆரம்பத்து நால்வரும் மறுபடி ஒன்றுகூடிப் பர்மிங்காமில் வாசித்தது 2025 ஜூலை 5-ந் தேதி. பதினேழே நாளில் ஆஸ்போர்ன் காலமானார்.

இது சீமைக் கதை. நம்மவர் கதைக்கு வருகிறேன்.

சிங்கப்பூரிலும் தைப்பூசம் உண்டு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடி எடுப்பார்கள். ஆனால் 1973 முதல் அந்த ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை. மேளம் இல்லாமல் காவடி! வழியில் மூன்று இடங்களில் வாசிக்கலாம் என்று அனுமதி வந்ததே 2016-ல்தான். செய்யாற்று மணலில் நின்றுவிட்டு வந்த எனக்கு அதைப் படிக்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த ஊரில்தான் 1992-ல் மூன்று தமிழ் வாலிபர்கள் ருத்ரா குழுவைத் தொடங்கினார்கள். கே. கதிரேசன் பாட்டும் பேஸ் கிதாரும், சிவா டிரம், இன்னொருவர் கிதார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சங்கீதத்தை வானொலியில் போட மாட்டார்கள், சினிமாவில் சேர்க்க மாட்டார்கள். ஊருக்கு ஊர் வாலிபர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்து தபாலில் அனுப்பிப் பரிமாறிக் கொள்வார்கள். 'அண்டர்கிரவுண்ட்' என்கிறார்களே, அது இதுதான். ஏதோ சட்டவிரோதமான காரியம் என்று பயப்பட வேண்டாம். கடை வாசலில் பெயர்ப் பலகை கிடையாது, அவ்வளவுதான்.

அதிலும் சிங்கப்பூரில் 18 வயது ஆனால் பையன்கள் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும். அப்போதெல்லாம் இரண்டு வருஷம், சிலருக்கு இரண்டரை வருஷம். அதற்கப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. இதையெல்லாம் தாண்டி ஒரு குழு நிற்பது எப்படி? ருத்ரா 1994-ல் ஒரு ஒலிநாடா வெளியிட்டது. முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே ஒரு தடவை கலைந்தும் போயிற்று. பிறகு சேர்ந்தார்கள். பழைய பெயரின் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு 1998-ல் 'ருத்ரா' என்ற ஆல்பத்தையே கொண்டு வந்தார்கள்.

கிதார்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். மூன்று பேராக இருந்தது நாலு பேராயிற்று. கிதார் வாசித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் நம் வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கிறது. ஆனால் பேஸும் டிரம்மும், அதாவது கதிரேசனும் சிவாவும், மாறவே இல்லை. கச்சேரி கேட்கிற சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். சபையின் கண் பாடகர் மேல் இருக்கும். ஆனால் காலப்பிரமாணம் பிசகினால் பாடகர் என்ன செய்வார்? மெட்டலில் டிரம்காரர் இரண்டு காலாலும் இரண்டு மிதிகளை மாறி மாறி மிதித்துப் பெரிய டிரம்மை ஓட ஓட அடிக்கிறார். அதோடு ஒட்டிக்கொண்டு அடியில் ஓடுவது பேஸ். இந்த இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்ததனால், யார் வந்து மேலே கிதார் வாசித்தாலும் ருத்ரா ருத்ராவாகவே கேட்டது. இது என் யூகந்தான்.

2003-ல் 'குருக்ஷேத்ரா'. 2005, 2009, 2011-ல் 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் வரிசையாக மூன்று. பார்த்தனும் சாரதியும் தேர்த்தட்டில் பேசினதே ஒரு பாட்டுக்குப் பொருள். 2022-ல் 'எட்டு மகாவித்யைகள்' என்று பொருள்படும் ஆல்பம். 1998 முதல் அதுவரை மொத்தம் ஒன்பது. 'வேதிக் மெட்டல்' என்று தங்கள் சங்கீதத்துக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த உறுமல் உறுமுகிற கதிரேசன் வேதாந்தம் பயின்றவர். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறவர். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் நம்பினேன்.

எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உபநிஷத்தை உறுமித்தான் சொல்ல வேண்டுமா என்று இன்னமும் தோன்றுகிறது. மூன்று பாட்டுக்கு மேல் என்னால் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை.

இதையெல்லாம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்:

"குருக்ஷேத்திரமா? அப்போ நம்ம பாரதக் கூத்து மாதிரிதானே! ராத்திரி பூரா துரியோதனன் போடுகிற கூச்சலுக்கு இது என்ன பெரிசு?"

உண்மைதான். காஞ்சிபுரத்துச் சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கட்டைக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், முகவீணையின் கூர்மையான ஒலி, அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல். விடிய விடியக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்போம்.

"இந்த வருஷம் பீமனாய் வந்தவன் அடுத்த வருஷம் வேறு ஜமாவில் இருப்பான். அதற்காகக் கூத்து நின்றுவிடுகிறதா? மிருதங்கக்காரர் இருந்தால் வேஷக்காரன் வந்து சேருவான் என்று எங்கள் மாமனார் சொல்லுவார். ஆனால் இவனுக்கு மிருதங்கக்காரனே அல்லவா போய்விட்டான்!" என்றாள் அக்கா. அவள் குரலில் கவலை இருந்தது. மகனுக்காகவா, குழுவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். பேஸ் கிதார் விற்கப்படவில்லையாம். பக்கத்து ஊர்த் தவில்காரரின் பேரன் ஒருவன் வாசித்துப் பார்க்க வந்திருக்கிறானாம்.

"மத்தியானத்திலிருந்து இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டே இருக்கிறான். மாடித் தளம் என்ன ஆகப் போகிறதோ! பாட வேறு எவனையோ கூட்டி வந்திருக்கிறார்கள், சோனிப் பயல். அவனா உறுமப் போகிறான்? சரி, வைத்துவிடட்டுமா? நாலு பேருக்கு அடைக்கு ஊறப் போட்டிருக்கிறேன், அரைக்க வேண்டும்."