அந்தச் சுவரை உயர்த்தலாமா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியின் கொல்லைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. நான்கடி உயரம். அதை ஆறடியாக உயர்த்த வேண்டும் என்று சென்ற ஆடி மாதம் அப்பா சொன்னார்கள். திருட்டுப் பயம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "சுவர் உயர்ந்தால் சாயங்காலக் காப்பி நேரத்துக்குக் கிடைக்கும்." நாலரை மணிக்கு அம்மா இந்தப் பக்கமும் ஆச்சி அந்தப் பக்கமும் நின்று பேசத் தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை ஓயாது. அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் வெட்டிப்பேச்சு. அன்புத் தோழியரே, அது வெட்டிப்பேச்சு அன்று என்பது என் கட்சி.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். (ஒட்டுக்கேட்பது தவறு என்பது தெரியும். கட்டுரைக்காக என்பதால் சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.) முதலில் ஆச்சியின் முழங்கால் வலி. பிறகு சாளை மீன் விற்ற விலை. அதன் நடுவிலே, "கத்தரிச் செடியில் ஒரே எறும்பு, அத்தை" என்றார்கள் அம்மா. "எறும்பு சும்மா ஏறாது. இலையைத் திருப்பிப் பாரு, பேன் இருக்கும்" என்றார்கள் ஆச்சி. பார்த்தோம், இருந்தது. அந்தச் செடிப்பேன் கசியவிடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறதாம். விடியற்காலையில் பனி ஈரம் காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் இலையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைத்துத் தெளிக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்த மூச்சிலேயே ஆச்சி தம் பேத்தியின் பரீட்சை மார்க்குக்குப் போய்விட்டார்கள்.

விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் எல்லாம் அச்சிட்டிருக்கிறதே, ஆச்சி எதற்கு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொட்டலத்துப் படத்தில் மயங்கி பீன்ஸ் ஊன்றினேன். முளைத்தது, இலை ஓரம் கருகியது, போய்விட்டது. "ஏட்டி, அது மலையில குளிர்ல வளர்றது. நம்ம கிணத்துத் தண்ணி வேற உப்பு. கொத்தவரை போடு, அது தாங்கும்" என்றார்கள் ஆச்சி. கொத்தவரை காய்த்துத் தள்ளியது. பொட்டலம் அச்சடித்தவருக்கு எங்கள் கிணற்றைத் தெரியாது. ஆச்சிக்குத் தெரியும், ஏனெனில் அதே ஊற்று, அதே மண். அவரையும் அப்படியே. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நாம் சிறு வயதிலேயே படித்துவிடுகிறோம். ஏன் ஆடி? பகல் குறுகி இரவு நீளும்போதுதான் நாட்டுக் கொடி அவரை பூக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி நன்றாகப் படர்ந்து நிற்கும் வேளையில் கார்த்திகை, மார்கழி வந்துவிடும். தையில் ஊன்றினால் பந்தல் நிறைய இலைதான்.

இவ்வாண்டு அறிவியலில் மரபியல் பாடம் நடந்தது. மெண்டல் என்னும் துறவி 1856 முதல் 1863 வரை பிரன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அதன் விதையிலிருந்து வந்த அடுத்த தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. டீச்சர் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திட்டும் வாங்கினேன். ஏனென்றால் கடையில் வாங்கும் வீரிய விதைத் தக்காளியைப் பற்றி ஆச்சி முன்பே சொல்லியிருந்தார்கள்: "முத வருசம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அதுலயே விதை எடுத்துப் போட்டா அண்ணன் ஒரு சாடை, தம்பி ஒரு சாடை." ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்கள். மெண்டல் 1866இல் தம் முடிவுகளை அச்சிட்டும், 1900 வரை உலகம் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. அவர் 1884இலேயே இறந்துவிட்டார். தோட்டத்தில் நின்று பேசுபவர்களின் பேச்சை அலட்சியம் செய்வது நம் வீட்டில் தொடங்கிய வழக்கம் அன்று போலும்.

ஆச்சி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிச் சுட்டினால் அழுகிவிடும் என்பார்கள். நான் சோதித்தேன். காலையில் பூத்த பெண் பூக்கள் நான்கில் ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவினேன். பிறகு அந்த நான்கையும் நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படும்முன் விரல் நீட்டிச் சுட்டினேன். மூன்று பெருத்தன. ஒன்றை அணில் கடித்தது; அதற்கு என் விரல் பொறுப்பாகாது. மகரந்தம் சேராத பிஞ்சுதான் வெம்பி அழுகுகிறது, அந்தப் பழியை விரல் சுமக்கிறது. ஆச்சியிடம் சொன்னபோது, "போடி வாயாடி" என்றார்கள். பத்து நாள் கழித்துத் தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு, ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல, ஆண் பூவைப் பறித்துத் தடவும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் பேச்சில் பொய்யும் பரவும், மெய்யும் பரவும்.

"நல்ல குறிப்புகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதுமே, முழங்கால் வலியும் மீன் விலையும் எதற்கு?" என்று அப்பா கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது. நோட்டும் பேனாவுமாக ஆச்சி முன் உட்கார்ந்தேன். "எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானட்டி" என்று நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். மறுநாள் தம் தாயாரைப் பற்றி அம்மாவிடம் ஏதோ அழுதுகொண்டே சொல்லும்போதுதான், காய்ந்த சுரைக்குடுக்கையில் சாம்பலோடு அவரை விதையைப் போட்டு, வாயை அடைத்துப் பரணில் வைக்கும் முறை வெளிவந்தது. நான் நோட்டோடு கேட்டபோது அது அவர்கள் நினைவில் இல்லை. அம்மாவின் வீடு நினைவுக்கு வந்தால்தான் குடுக்கையும் வருகிறது. ஊதா விளிம்புள்ள அந்த அவரை அவர்கள் தாய்வீட்டிலிருந்து வந்தது. கடையில் நான் தேடியவரை கிடைக்கவில்லை. இப்போது ஆச்சியிடம் ஒரு கொடி, எங்களிடம் ஒரு கொடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தா இறந்த பின் ஆச்சி தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். புரட்டாசியில் ஒரு காலை, "அத்தை செடிக்குத் தண்ணி ஊத்தலையே, வெண்டை வாடிக் கிடக்கு" என்று அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஆச்சி நெருப்பாகக் கொதிக்கும் காய்ச்சலில் கட்டிலில் கிடந்தார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அப்பாதான். ஆறடிச் சுவருக்கு மேலே அம்மாவால் எட்டிப் பார்த்திருக்க முடியாது. இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வரும்போது படிப்பார்கள்.

கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். சுவர் நடுவே ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்காவது உயர்த்தாமல் விடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறேன். அப்பா பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இதற்கிடையில் அவரைக் கொடி சுவரின் இரு பக்கமும் ஏறிப் பூத்துவிட்டது. அது காய்த்து ஓயும் வரை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. மாசி வரை காய்க்கும் என்கிறார்கள் ஆச்சி.